கணிப்பொறியின் கதவும் மூன்று எண்களும்

பத்தாம் வகுப்பு மாணவி, நோணாங்குப்பம்

“ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு” என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. அது கணிப்பொறியின் முன் அமர்வோருக்கும் பொருந்தும் என்பதை எங்கள் அறிவியல் கண்காட்சியின்போது உணர்ந்தேன். அதை என் அன்புத் தோழியருக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அன்றிரவு எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். தனியே வாழும் முதியவர்கள் யார் யார், அவர்களுக்காக யாரை அழைப்பது என்று தெரியாமல் எல்லோரும் தவித்தோம். அந்த நினைவால், அத்தகையோரின் பெயரையும் உறவினரின் தொலைபேசி எண்ணையும் பதிந்து வைக்கும் சிறு நிரல் ஒன்றைப் பைத்தான் மொழியில் எழுதி, ஆய்வகத்திலிருந்த லினக்ஸ் வழங்கியில் வைத்தேன். நானே இயக்கினால் ஓடியது. உலாவி வழியாக அழைத்தாலோ 500 என்ற பிழைதான் வந்தது!

காரணம் என்ன? 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் இயக்கத்தைத் தொடங்கினர். பலர் ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்துகொண்ட காலம் அது. ஒருவர் கோப்பில் மற்றவர் கை வைக்காதிருக்க அதில் அனுமதி முறை அமைந்தது. 1991-இல் பிறந்த லினக்ஸும் அம்முறையையே பின்பற்றுகிறது. உரியவர், குழுவினர், பிறர் என மூவகையினர். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என மூவகை உரிமைகள். ஒவ்வொருவருக்கும் உரியதைக் கூட்டினால் மூன்று இலக்கங்கள் கிடைக்கும்.

நம் ஊர்ச் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறையை எண்ணிப் பாருங்கள். வருவோர் படகைப் பார்க்கலாம், ஏறிச் செல்லலாம். எஞ்சினைக் கழற்ற முடியுமா? பார்ப்பதற்கு 4, ஏறுவதற்கு 1; ஆக 5. உரியவருக்கு எல்லாம் சேர்த்து 7. இதுவே 755. யாரும் படிக்கலாம், உரியவர் மட்டுமே எழுதலாம் என்பது 644.

என் நிரல் 644-இல் இருந்தது. பைத்தானை அழைத்து, “இதைப் படித்து இயக்கு” என்று நான் சொன்னால் அதற்குப் படிக்கும் உரிமையே போதும். ஆனால் வழங்கியிலுள்ள அப்பாச்சி, கோப்பையே நேராக இயக்க முயல்கிறது. அது என் பெயரில் ஓடுவதும் இல்லை. தனக்கென்று ஒரு பயனர் பெயரில் ஓடுகிறது. எனவே என் கோப்புக்கு அது ‘பிறர்’தான். 755 ஆக்கியதும் பக்கம் தோன்றியது. ஆனால் பெயரைப் பதிந்தால், பட்டியல் கோப்பில் எழுத அனுமதி இல்லை என்று மீண்டும் பிழை.

பொறுமை இழந்தேன். தெரிந்த அண்ணன் ஒருவர் சொன்னபடி எல்லாவற்றையும் 777 ஆக்கினேன். உடனே ஓடியது. மகிழ்ச்சியோ இரண்டு நாள்தான். அதே வழங்கியில் கணக்கு வைத்திருந்த யாரோ, விளையாட்டாக ஒரு பாட்டியின் பெயருக்கு எதிரேயிருந்த எண்ணை மாற்றிவிட்டார்கள். எங்கள் ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை. “வெள்ளம் வந்த இரவில் இந்த எண்ணை அழைத்திருந்தால்?” என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பின்பு அவர் கற்றுத் தந்த முறை இது:

1. முதலில் பிழைப் பதிவேட்டைப் படிக்க வேண்டும். திரையில் வருவது எண் மட்டுமே. காரணம் பதிவேட்டில் இருக்கும்.

2. கோப்பை மட்டுமல்ல, அதற்கு மேலுள்ள அடைவுகளையும் பார்க்க வேண்டும். அடைவுக்கு 1 என்பது உள்ளே நுழையும் உரிமை. வழியில் ஒரு கதவு பூட்டியிருந்தாலும் 403 என்ற தடை வரும்.

3. அனுமதி சரியாக இருந்தும் ஓடாவிட்டால் முதல் வரியை நோக்க வேண்டும். விண்டோசில் எழுதிய கோப்பின் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று ஒட்டியிருக்கும். அதனால், இருக்கிற கோப்பையே “இல்லை” என்று பதிவேடு சொல்லும்.

4. எழுத வேண்டிய கோப்புக்கு மட்டும் எழுதும் உரிமை தர வேண்டும்.

அதன்படி நிரலை 755 ஆக்கினேன். பட்டியலை இணையப் பக்கங்களுள்ள அடைவுக்கு வெளியே வைத்து, வழங்கியின் குழுவை அதற்குக் குழுவாக்கி, 660 கொடுத்தேன். எனக்கும் வழங்கிக்கும் உரிமை உண்டு. பிறர் படிக்கவும் இயலாது. 777 என்பது பூட்டைப் பழுது பார்ப்பதன்று, கதவையே கழற்றி வைப்பது. எஸ்யூஎக்ஸெக் என்னும் காவல் அமைப்புள்ள வழங்கிகள், பிறர் எழுதக்கூடிய நிரலை இயக்கவே மறுத்துவிடும்.

தோழியரே, “அனுமதி இல்லை” என்று கணிப்பொறி சொன்னால் சினம் கொள்ளாதீர்கள். யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று கேளுங்கள். அந்தப் பட்டியலில் இருப்பவை வெறும் எண்கள் அல்ல. நம்மை நம்பித் தம் பெயரைத் தந்த முதியவர்கள்.