வாகைப்பதிக் கடலோரத்தில் துவைத்தது எதை?



கன்னியாகுமரியை ஒட்டிய கடலோரத்தில் உள்ள சிறு இடம் வாகைப்பதி. சாமிதோப்பு, முட்டப்பதி, தாமரைகுளம்பதி, அம்பலப்பதி, பூப்பதி என்று நாம் சொல்லும் பஞ்சபதிகளில் அது சேராது. ஆனாலும் துவையல் தவசு தொடங்கிய மண் அதுதான்.

அய்யா சிங்காரத்தோப்புச் சிறையில் 110 நாள் இருந்து, 1838-ல் விடுதலையாகிச் சாமிதோப்புக்குத் திரும்பினார். அதன்பிறகு 700 குடும்பங்களைக் கடலோரத்துக்கு அனுப்பினார். நாளுக்கு மூன்று வேளை கடலில் குளிக்க வேண்டும். மூன்று வேளையும் உடுத்த துணியைத் துவைக்க வேண்டும். பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துச் சமைத்த சைவ உணவை ஒருவேளை மட்டும் உண்ண வேண்டும். வாகைப்பதியில் பல சிரமங்களைத் தாங்கியபின் அவர்கள் முட்டப்பதிக்கு மாறித் தவசைத் தொடர்ந்தார்கள். அய்யா கடலுக்குள் சென்று நாராயணரிடம் விஞ்சை பெற்ற இடம் முட்டப்பதி என்பதை அகிலத்திரட்டு அம்மானையில் வாசிக்கிறோம்.

குளிப்பதும் துவைப்பதும் எப்படித் தவசாகும்? அந்த மக்கள் வாழ்ந்த காலத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். அன்றைய திருவிதாங்கூரில் அவர்கள் தலைப்பாகை கட்டக்கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. பெண்கள் மேலாடை அணியக்கூடாது. பனைக்கு வரி, தலைக்கு வரி, அதற்குமேல் ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாத வேலை. பொதுக்கிணற்றுப் பக்கம் போக முடியாது. பிறப்பிலேயே நீ அழுக்கு என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி, கேட்டவர்களே அதை நம்பும் நிலை வந்திருந்தது.

கிணற்றைத் தடுத்தவர்களால் கடலைத் தடுக்க முடியவில்லை. அங்கே 700 குடும்பங்கள் ஒன்றாக இறங்கின, ஒன்றாகத் துவைத்தன, ஒரே உணவை உண்டன. துணியின் அழுக்கோடு மனத்தில் படிந்திருந்த அச்சமும் கரைந்தது. தவசு முடித்துத் திரும்பியவர்களைத் துவையல் பண்டாரங்கள் என்று ஊர் மதித்தது. அவர்கள் மூலம் அய்யாவின் வழி ஊர் ஊராகப் பரவியது. கடலோரத்தில் தங்கியது சில காலந்தான். அங்கே பெற்ற தெளிவு வாழ்நாள் முழுதும் உதவியது.

இந்தப் பாடம் இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு மிகவும் தேவைப்படுகிறது. ஊரையும் தாங்கலையும் விட்டு வந்து, ஓர் அறையில் நாலைந்து பேராகத் தங்கி, ஷிப்டுக்கு ஷிப்டு ஓடுகிறார்கள். வல்லம் வடகால் சிப்காட்டில் 2024 ஆகஸ்டில் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். பல ஊர், பல சாதி, பல மொழி மக்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். இதைச் சம்பளத்துக்காகச் சகித்துக்கொள்ளும் இடம் என்று நினைத்தால் அது வெறும் தங்குமிடம். அய்யா தந்த பயிற்சியாக ஏற்றால் அதுவே ஒரு வாகைப்பதி.

அதற்கு மூன்று காரியங்கள் செய்யலாம்.

ஒன்று, வேளை தவறினாலும் வழிபாட்டை விடாதிருப்பது. உச்சிப்படிப்பு நேரத்தில் நீங்கள் இயந்திரத்தின் முன் நிற்கலாம். ஷிப்டு முடிந்து குளித்து, திருநாமம் இட்டு, அறையில் ஒரு கண்ணாடியும் விளக்கும் வைத்து அய்யாவை நினையுங்கள். கண்ணாடியில் தெரியும் முகம், மேலதிகாரி அதட்டினாலும் தாழ்ந்துபோகாத முகம் என்பதை மறக்காதீர்கள்.

இரண்டு, அறையில் பிரிவு பாராட்டாதிருப்பது. வாடகைக்கு வீடு கேட்டால் “நீங்க என்ன ஆளுங்க?” என்று விசாரிக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அந்தக் கேள்வி சுடும் என்று அறிந்த நாமே, புதிதாக வரும் பையனிடம் அதைக் கேட்கலாமா? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களைத் தனித்தட்டில் ஒதுக்கலாமா? முத்திரிக்கிணற்றில் 18 சாதியாரையும் ஒன்றாக நீர் எடுக்க வைத்தவர் அய்யா. அந்தக் கிணற்றுப் பதம் தெளித்துக்கொண்டவர் தட்டைப் பிரிக்கக்கூடாது.

மூன்று, விழுந்தவரைத் தூக்குவது. காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி, ஒப்பந்தம் முடிந்து வேலை போனவருக்கு அடுத்த வேலை கிடைக்கும்வரை அறையில் இடம். அய்யாவின் தருமத்தில் இதற்குத்தான் முதலிடம். மாதம் ஒரு ஞாயிறு கூடிப் பணிவிடை செய்து அன்னம் பகிர்ந்தாலே யாருக்கு என்ன குறை என்பது தெரிந்துவிடும்.

பங்குனியில் ஊருக்குப் போகிறவர்கள் முட்டப்பதிக் கடலில் பதமிடுங்கள். வாகைப்பதிக்கும் ஒருமுறை போய் வாருங்கள். நீரில் இறங்கும்போது, அறைக்குத் திரும்பியதும் என்னிடமிருந்து எந்த அழுக்கு போயிருக்க வேண்டும் என்று மனத்தைக் கேளுங்கள்.

அய்யா உண்டு.