நீச்சல் மாணவரின் தோள்வலி: ஆசிரியர் கவனிக்க வேண்டியவை

போட்டிகளுக்குத் தயாராகும் நீச்சல் மாணவர்கள் பலர், காலையிலும் மாலையிலும் குளத்தில் பயிற்சி செய்துவிட்டு, இடைப்பட்ட நேரத்தில் நம் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். ‘தோள் வலிக்கிறது’ என்று அவர்கள் சொல்லும்போது, ‘பயிற்சி செய்தால் வலிக்கத்தான் செய்யும்’ என்று நாம் கடந்துபோகக் கூடாது.

எண்ணிப் பார்ப்போம்

50 மீட்டரை 40 கைவீச்சுகளில் கடக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். ஒரு கைக்கு 20 வீச்சு. நாளொன்றுக்கு 4 கிலோமீட்டர் நீந்தினால் ஒரு கைக்கு 1,600 வீச்சு. வாரத்தில் 6 நாள்களுக்கு 9,600. கிரிக்கெட்டில் 10 ஓவர் வீசுபவர் 60 பந்துகளே வீசுகிறார்.

தோளில் நடப்பது என்ன?

தோள்மூட்டு ஒரு பந்துக் கிண்ண மூட்டு. கிண்ணத்தின் ஆழம் குறைவு. அதனால்தான் கை எல்லாத் திசைகளிலும் சுழல்கிறது. பந்து விலகாமல் பிடித்து வைப்பவை அதைச் சூழ்ந்த நான்கு சிறு தசைகள். அவை களைத்தால் பிடி தளரும். மேற்புறத் தசைநாண் மீது சுமை கூடும். ஆறுவதற்குள் மறுபயிற்சி தொடங்கினால் அது தடித்து நலிவடையும்.

1974இல் கனடா மருத்துவர்கள் கென்னடியும் ஹாக்கின்சும் இவ்வலியை ‘நீச்சல்காரர் தோள்’ என்று குறிப்பிட்டனர். 2010இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், 13 முதல் 25 வயது வரையிலான 80 முன்னணி நீச்சல் வீரர்களில் 91 விழுக்காட்டினர் தோள்வலி இருப்பதாகக் கூறினர். எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்ட 52 பேரில் 69 விழுக்காட்டினருக்கு மேற்புறத் தசைநாண் பாதிக்கப்பட்டிருந்தது. வாரத்துக்கு 15 மணி நேரத்துக்கு மேல் நீந்தியோருக்கு இப்பாதிப்புக்கான வாய்ப்பு இருமடங்காக இருந்தது.

நாம் செய்யக்கூடியவை

• நீந்திய தூரம், நேரம், வலி ஆகிய மூன்றையும் மாணவரே தினமும் குறிப்பேட்டில் எழுதட்டும். பள்ளியில் விளையாடும் எறிபந்து, கைப்பந்து போன்றவற்றின் நேரத்தையும் சேர்க்க வேண்டும்; தோளுக்கு எல்லாம் ஒரே கணக்குதான்.

• தேர்வு விடுமுறைக்குப் பின் ஒரேயடியாகப் பழைய அளவுக்குத் திரும்பாமல், படிப்படியாகக் கூட்டுமாறு பயிற்சியாளரிடம் பேசலாம்.

• கரும்பலகையின் மேற்பகுதியில் எழுதத் தயங்குவது, புத்தகப் பையை எப்போதும் ஒரே தோளில் மாட்டுவது ஆகியவற்றைக் கவனித்து, வலி உள்ளதா என்று கேட்கலாம்.

• மறுநாளும் நீடிக்கும் வலி, தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கையை உயர்த்த இயலாமை ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வலி மாத்திரை தந்து நீந்த வைக்கக் கூடாது.

• வலி உள்ளபோது கைத்துடுப்பு வேண்டாம். பலகையைக் கைநீட்டிப் பிடித்துக் காலடிப்பதும் தோளுக்குச் சுமையே.

அணியில் இடம் போய்விடும் என்ற அச்சத்தால் வலியை மறைக்கும் குழந்தைகள் உண்டு. ‘சொன்னால் இடம் போகாது’ என்ற உறுதியைப் பெற்றோரும் பயிற்சியாளரும் ஆசிரியரும் சேர்ந்து கொடுத்தால்தான் குறிப்பேட்டில் உண்மை எழுதப்படும்.

வகுப்பறைச் செயல்பாடு: மேற்கண்ட கைவீச்சுக் கணக்கைப் பெருக்கல் பயிற்சியாகவும், தோள்மூட்டை எலும்பு மண்டலப் பாடத்துக்கான எடுத்துக்காட்டாகவும் பயன்படுத்தலாம்.