பாலூட்டும் தாயும் கூலி வேலையும்

சொந்தத் தோட்டத்தில் வெங்காயம் நட்ட காலத்தில், பிள்ளை அழுதால் தாய் வீட்டுக்குப் போய்ப் பாலூட்டிவிட்டு வருவாள். எவரும் மணி பார்த்ததில்லை. இடம்பெயர்ந்து பிறர் காணியில் நாட்கூலிக்குப் போகும்போது பிள்ளை ஓரிடம், தாய் ஓரிடம். மார்பு கட்டி நோகும்; நாளடைவில் பாலும் குறையும். பிறகு பால்மாவும் போத்தலும் வந்துசேரும். நல்ல தண்ணீரும் விறகும் அரிதான இடத்தில் அது வயிற்றோட்டத்துக்கே வழி.

மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் எமது நாட்டில் 1939இலிருந்து உண்டு. பிரசவத்துக்கு 12 வார விடுமுறை. ஏற்கெனவே இரு பிள்ளைகள் உள்ளவளுக்கு 6 வாரமே என்றிருந்த குறை 2018இல் நீக்கப்பட்டது. பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை, 9 மணி நேர வேலையில் இருமுறை பாலூட்டும் இடைவேளையும் உண்டு: பிள்ளைகளைப் பராமரிக்கும் இடம் இருந்தால் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. அதற்குக் கூலி வெட்டக்கூடாது.

நாட்கூலித் தோட்டத்தில் இதை யார் கேட்பது? தாய் தனியே கேட்டால் நாளைக்கு வேலை இல்லை. களை பிடுங்கும் குழுவாகச் சேர்ந்து, கூலி பேசும்போதே இதையும் பேசுங்கள். ஆண்கள் வெற்றிலை போட எழும்பும் நேரத்தை எவரும் கணக்கெடுப்பதில்லையே! மர நிழலில் ஒரு பாய் போதும். மாமியாரோ மூத்த பிள்ளையோ குழந்தையைக் கொண்டுவரலாம்.

தூரமென்றால், கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, அவித்தெடுத்த மூடியுள்ள பாத்திரத்தில் பாலைப் பிழிந்து வைத்துப் போங்கள். நிழலிலும் 4 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வெக்கை கூடினால் இன்னும் முந்தியே கொடுத்துவிடுங்கள். போத்தல் வேண்டாம், சங்கோ சிறு கோப்பையோ போதும். குடித்து மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள்.