வானம் முதல் தளம் வரை: கட்டடச் சொற்களும் இயற்பியலும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

வீடு கட்டும் இடத்தில் முதன்முதலில் நடக்கும் வேலைக்கு ‘வானம் தோண்டுதல்’ என்று பெயர். தலைக்கு மேலே இருக்கும் வானத்தை மண்ணுக்குள் எப்படித் தோண்டுவது என்று சிறுவயதில் என் தந்தையாரிடம் கேட்டிருக்கிறேன். கொத்தனாரான அவர் சிரித்துவிட்டு, “கடைக்காலுக்கு வெட்டுற பள்ளம்தான் தம்பி வானம்” என்றார்.

விடுமுறை நாட்களில் அவருடன் கையாளாக வேலைக்குச் செல்பவன் நான். அங்கே காதில் விழும் சொற்களையும், இங்கே வகுப்பறையில் கற்கும் இயற்பியலையும் இணைத்துச் சக மாணவர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு சொல் புரியாமற் போனால் என்ன நேரும் என்பதையும் நான் கண்டிருக்கிறேன். அதைப் பின்னர் கூறுகிறேன்.

கடைக்காலும் பேஸ்மட்டமும்

வானத்தில் எழுப்பப்படும் அடிக்கட்டுமானமே கடைக்கால்; அஸ்திவாரம் என்றும் கூறுவர். இது மேலே குறுகியும் கீழே அகன்றும் இருக்கும். அழுத்தம் என்பது ஓரலகு பரப்பில் செயல்படும் விசை என்று நாம் படித்திருக்கிறோம். பரப்பு இருமடங்கானால் மண்ணின்மீது விழும் அழுத்தம் பாதியாகிறது. கடைக்காலின் அகலத்துக்கு இதுவே காரணம்.

தரைக்கு மேலே, வீட்டின் உட்தளம் வரை எழும் பகுதியை நம்மூரில் ‘பேஸ்மட்டம்’ என்பார்கள். பொறியியல் நூல்களில் இதன் பெயர் பிளிந்த். அந்நூல்களில் பேஸ்மென்ட் என்றால் தரைக்குக் கீழே உள்ள நிலவறை. எனவே வீட்டுக்காரர் ஒன்றைச் சொல்ல, வரைபடம் போடுபவர் வேறொன்றை எண்ணிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

நேர்பார்க்கும் கருவிகள்

சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்ப்பது தூக்குக்குண்டு. புவியீர்ப்பு விசை செயல்படும் திசையை அந்த நூல் காட்டுகிறது. சுவரின் எடை அதன் அடிப்பரப்பின் நடுவே இறங்க வேண்டுமானால் சுவர் அந்த நூலோடு ஒத்திருக்க வேண்டும்.

கிடைமட்டம் பார்ப்பது ரசமட்டம். இதன் கண்ணாடிக் குழலில் உள்ள காற்றுக்குமிழி எப்போதும் உயரமான பக்கம் நோக்கி நகரும். தொலைவில் உள்ள இரண்டு மூலைகளுக்கு மட்டம் பார்க்க, நீர் நிரப்பிய நீண்ட ரப்பர் குழாயைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்றோடொன்று இணைந்த கலங்களில் நீர்மட்டம் சமமாக நிற்கும் என்ற விதியே இதற்கு அடிப்படை. குழாயினுள் காற்றுக்குமிழி சிக்கிக்கொண்டால் மட்டம் தவறிவிடும். ஆகவே முதலில் குமிழியைத் தட்டி வெளியேற்றுவார் என் தந்தையார். பாஸ்கல் என்ற பெயரை அவர் கேட்டதில்லை.

மூலை சரிபார்ப்பது மூலைமட்டம். பெரிய அறையானால் ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று அளப்பார்கள். வந்தால் அது செங்கோணம். இது பிதாகரஸ் தேற்றமே அன்றி வேறில்லை.

கலவையும் நீராற்றுதலும்

கட்டு வேலைக்கு ‘ஒன்றுக்கு ஆறு’ என்றால் ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல். ‘முக்கால் ஜல்லி’ என்பது முக்கால் அங்குல, அதாவது ஏறக்குறைய 20 மி.மீ. அளவுள்ள கருங்கல் ஜல்லி. இன்று நாம் பயன்படுத்தும் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு அப்பெயரை இட்டு 1824-இல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின். போர்ட்லண்ட் என்னுமிடத்துக் கட்டடக் கல்லை அது ஒத்திருந்ததால் அப்பெயர் வந்தது.

‘கான்கிரீட் காயட்டும்’ என்று பலரும் சொல்வோம். இச்சொல் நம்மைத் தவறான வழியில் இட்டுச் செல்கிறது. கான்கிரீட் காய்வதால் வலிமை பெறுவதில்லை. சிமெண்ட் நீருடன் வேதிவினை புரிந்தே இறுகுகிறது. ஆகவே காயவிடாமல் காப்பதுதான் முறை. தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவதும், சுவரில் ஈரச் சாக்குப் போர்த்துவதும் இதற்காகவே. பாடநூல்கள் இதனை நீராற்றுதல் என்கின்றன. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாட்கள் இது தேவை. கான்கிரீட்டின் வலிமையைக் கணக்கிடுவதோ 28-ஆம் நாளில். ஆனால் கலக்கும்போதே தண்ணீரை அதிகமாக ஊற்றுவது தீமை. வினைபுரியாமல் மிஞ்சிய நீர் வெளியேறியபின் அவ்விடங்களில் நுண்துளைகள் எஞ்சிவிடும்.

கம்பி எங்கே இருக்க வேண்டும்?

கான்கிரீட் அமுக்கு விசையை நன்றாகத் தாங்கும். இழுவிசையை ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்கே தாங்கும். இழுவிசையை ஏற்கவே எஃகுக் கம்பி வைக்கப்படுகிறது. வெப்பத்தால் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிவதால், வெயிலிலும் குளிரிலும் பிரியாமல் ஒட்டி நிற்கின்றன.

ஓர் அழிப்பான் ரப்பரை எடுத்து அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகச் சில கோடுகள் போடுங்கள். இரு முனைகளையும் தாங்கி நடுவில் அழுத்துங்கள். மேலே கோடுகள் நெருங்கும், கீழே விலகும். இரு சுவர்களின்மேல் கிடக்கும் தளமும் இவ்வாறே வளைய முயல்கிறது. ஆகவே அங்கே முதன்மைக் கம்பி அடிப்பக்கம் இருக்க வேண்டும். இப்போது ரப்பரின் ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டு மறுமுனையைக் கீழே அழுத்துங்கள். கோடுகள் மேலே விலகும், கீழே நெருங்கும். சுவரிலிருந்து ஒருபுறமாக நீட்டி நிற்கும் சன்ஷேடின் நிலை இதுவே. இவ்வகை அமைப்பைக் கான்டிலீவர் என்பர். இதில் கம்பி மேற்பக்கம் இருக்க வேண்டும்.

நீளத்திலும் எச்சரிக்கை தேவை. 60 செ.மீ. நீட்டிய சன்ஷேடை அதே கனத்தில் 90 செ.மீ. ஆக்கினால் அதன் எடை ஒன்றரை மடங்குதான் கூடும். ஆனால் சுவரோரத்தில் ஏற்படும் திருப்புத்திறன் இரண்டேகால் மடங்காகிவிடும். எடையோடு, எடை செயல்படும் தூரமும் கூடுவதே காரணம்.

நான் கண்ட நிகழ்ச்சி

நான் பதினோராம் வகுப்பு முடித்த கோடையில் ஒரு வீட்டு வேலையில் இருந்தேன். மேற்பார்வை செய்ய வந்தவர் சன்ஷேட் வேலையைப் பார்த்து, “இது கான்டிலீவர், பார்த்துப் போடுங்கள்” என்று கூறிவிட்டு வண்டியேறிச் சென்றார். கம்பி கட்டியவருக்கு அச்சொல் புரியவில்லை, கேட்கவும் கூச்சம். தளத்துக்கு வைப்பதுபோலவே கம்பியை அடியில் வைத்தார். நாங்களும் கான்கிரீட் போட்டோம். முட்டுக் கட்டைகளைப் பிரித்த அன்று சன்ஷேட் சுவரோரத்தில் வெடித்துக் கீழே விழுந்தது. எங்களுடன் சித்தாளாக வேலை செய்த அக்காவின் பாதம் நசுங்கியது. பல மாதங்கள் அவரால் வேலைக்கு வர முடியவில்லை. “நான்தான் சொன்னேனே” என்றார் மேற்பார்வையாளர். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் சொன்னது யாருக்கும் போய்ச் சேரவில்லை.

பெயரே பொருள் சொல்லும் மரபு

நம் கோயிற் சிற்பிகள் விமானத்தை அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி என ஆறு உறுப்புகளாகப் பிரித்தனர். இவற்றுள் பாதம் என்பது கால்; கிரீவம் என்பது கழுத்து; அதன்மேல் தலையாக அமைவது சிகரம். 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தையும் இச்சொற்களாலேயே விளக்குகிறோம். உடலை வைத்துப் பெயரிட்டதால் எந்த உறுப்பு எதைத் தாங்குகிறது என்பது பெயரிலேயே விளங்குகிறது.

முடிவுரை

ஆங்கிலச் சொல் வேண்டாம் என்பதன்று என் கருத்து. சிமெண்ட், கான்கிரீட் போன்றவை நம் சொற்களாகிவிட்டன. ஆனால் சொல்லோடு பொருளும் வேலை செய்பவரிடம் சேர வேண்டும். படித்தவர் சொல்லிக் கொடுக்கவும், வேலை செய்பவர் கூசாமல் கேட்கவும் இடமிருக்க வேண்டும்.

சென்ற பருவத்தில் திருப்புத்திறன் பாடம் நடந்த அன்று மாலை, வீட்டில் ஓர் அழிப்பானை வளைத்துக் காட்டி என் தந்தையாருக்கு விளக்கினேன். அதைக் கையில் வாங்கி இரண்டு மூன்று முறை வளைத்துப் பார்த்தார். பிறகு, “அன்னிக்கு அந்த சார் இதை இப்படிச் சொல்லியிருந்தா போதுமே தம்பி” என்றார்.