அசலுக்குப் போன பரோட்டா காசு

2017-ல் வீட்டுக்கடன் எடுத்தபோது வங்கியில் தவணை அட்டவணை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். 30 லட்சம் ரூபாய் கடன், 20 ஆண்டு, எட்டரை சதவீத வட்டி, மாதத் தவணை 26,035 ரூபாய். கடன் வாங்குகிற எல்லோரும் தவணைத் தொகையைத்தான் பார்க்கிறோம். அதற்குப் பக்கத்துக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். முதல் மாதம் கட்டுகிற பணத்தில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது 4,785 ரூபாய். இருபது வருஷமும் இப்படியே கட்டி முடித்தால் வட்டி மட்டும் 32 லட்சத்தைத் தாண்டும்.

எங்கள் வீடு மதுரை வண்டியூரில் இருக்கிறது. நான் பள்ளி ஆசிரியை. கணவர் தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். வீட்டில் அத்தையும் இரண்டு பிள்ளைகளும். ஊர்ச் சொத்து எதையும் விற்காமல் 2025-ல் கடனை முடித்தோம். சம்பள உயர்வு, போனஸ், ஏலச்சீட்டுப் பணம் இவற்றுக்குத்தான் அதில் பெரிய பங்கு. வெறும் டீக்காசை மிச்சம் பிடித்து வீட்டுக்கடனை அடைத்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அந்தப் பெரிய தொகைகள் வழியில் சிதறிப் போகாமல் அசலுக்குப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், வீட்டில் சேர்ந்த சாமான்களைக் கழித்ததும் சாப்பாட்டை மாற்றியதும்தான். இதை நான் உறுதியாகச் சொல்வேன். பணம் எங்கே ஒழுகுகிறது என்பது வங்கிக் கணக்கில் தெரியாது. பரணிலும் குளிர்பெட்டியிலும்தான் தெரியும்.

முன்கூட்டியே அடைக்கத் தொடங்கும் முன் மூன்று காரியங்களை முடித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக, எடுக்கிற நிலையில் இருக்க வேண்டும். வீட்டில் சம்பாதிப்பவர் பெயரில் டேர்ம் இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும். கிரெடிட் கார்டு பாக்கி, தனிநபர் கடன் இருந்தால் முதலில் அவற்றை ஒழிக்க வேண்டும். ஆண்டுக்கு 36 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும் கார்டு பாக்கியை வைத்துக்கொண்டு எட்டரை சதவீதக் கடனை அடைப்பதில் அர்த்தமே இல்லை.

பிறகு அசலுக்கு வருவோம். எங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷ முடிவில் தவணைக்கு மேல் ஒரு லட்சம் ரூபாய் கூடுதலாகக் கட்டினால், கடைசியில் 18 தவணைகள் குறைகின்றன. அதாவது நாலரை லட்சத்துக்கு மேல் நாம் கட்ட வேண்டியதே இல்லை. வருஷத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டினாலே இருபது ஆண்டு பதினாறரை ஆண்டாகிவிடும். வருஷந்தோறும் தவணையை 5 சதவீதம் உயர்த்திக்கொண்டே போனால் பன்னிரண்டு ஆண்டு சொச்சத்தில் கடன் முடிந்துவிடும். இதே ஒரு லட்சத்தைப் பதினைந்தாவது வருஷத்தில் கட்டினால் இவ்வளவு பலன் கிடைக்காது. ஆகவே பெரிய தொகை சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மாறும் வட்டியில் இருக்கும் தனிநபர் வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. இது தெரியாமல் பயந்துகொண்டிருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். பணம் கட்டப் போகும்போது இன்னொன்றைக் கவனியுங்கள்.

"தவணையக் குறைச்சிடவா மேடம்? மாசம் ஈசியா இருக்கும்" என்றார் வங்கியில் இருந்தவர்.

"வேண்டாம் சார். தவணை அப்படியே இருக்கட்டும். வருஷத்தக் குறைங்க" என்றேன்.

ஒவ்வொரு முறையும் இதை எழுதியே கொடுத்தேன். தவணை குறைந்தால் அந்த மிச்சம் மளிகையிலும் துணியிலும் கரைந்துவிடும்.

வட்டி விகிதத்தின் மீதும் ஒரு கண் வேண்டும். 2019 அக்டோபருக்குப் பிறகு வந்த புதிய கடன்கள் ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) போன்ற வெளி விகிதத்தோடு இணைக்கப்பட்டன. பழைய கடன்காரர்கள் கேட்டால்தான் மாற்றுவார்கள். சிறிய கட்டணம் கட்டி மாறிக்கொண்டோம். 2020 மே மாதம் ரெப்போ 4 சதவீதத்துக்கு இறங்கியபோது அதன் பலன் கிடைத்தது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் அது ஆறரை சதவீதமாக ஏறியபோது தவணைத் தொகை மாறவே இல்லை, கடன் முடியும் வருஷம்தான் தள்ளிப் போயிருந்தது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. கேட்டால் தவணையைக் கூட்டச் சொல்லுங்கள்.

"எட்டரை சதவீதக் கடனை அடைக்கிற பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் அதிகம் கிடைக்குமே" என்று நண்பர்கள் சொன்னார்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கடனில் மிச்சமாகும் வட்டியில் சந்தேகத்துக்கே இடமில்லை, அதற்கு வரியும் கிடையாது. வரிச்சலுகை போய்விடும் என்பதும் எனக்குச் சரியான காரணமாகப் படவில்லை. பழைய வரிமுறையில் குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. புதிய முறையில் அதுவும் இல்லை. 30 ரூபாய் வரியை மிச்சம் பிடிக்க 100 ரூபாய் வட்டி கட்டுவது நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற கணக்கு அல்ல.

இனி வீட்டுச் சாமான்கள். பழைய சாமானை விற்ற காசில் கடன் அடையாது. பேப்பர், பிளாஸ்டிக், இரும்பு எல்லாம் எடைக்குப் போட்டுக் கிடைத்தது சொற்பம். சாமானைக் கழிப்பதன் லாபம் அதற்குப் பிறகு வாங்காமல் இருப்பதில் இருக்கிறது. பரணிலிருந்து இறக்கி நடுக்கூடத்தில் பரப்பியபோது, பிரிக்காத டிபன் கேரியர்கள், கிரகப்பிரவேசத்துக்கு வந்த ஒரே மாதிரியான எவர்சில்வர் குடங்கள், ஆடித் தள்ளுபடியில் வாங்கி உடுத்தாத சேலைகள் என்று கூடம் நிறைந்தது. அதைப் பார்த்த பிள்ளைகளே அடுத்த ஆடிக்குக் கடைவீதிக்குப் போகலாம் என்று கேட்கவில்லை. தள்ளுபடியில் வாங்கினால் லாபம் என்கிற எண்ணம் அன்றோடு எங்கள் வீட்டில் முடிந்தது.

உண்மையாகவே காசு பெயர்ந்தவை மூன்று. ஒற்றைக் கம்மல், அறுந்த சங்கிலித் துண்டு போன்ற உடைந்த தங்கம். அசல் ஜரிகை இருந்த கிழிந்த பட்டுச் சேலைகள். புழக்கத்தில் இல்லாத பித்தளைப் பாத்திரங்கள். தங்கத்தை மாற்றிப் புது நகை எடுக்காமல் பணமாக வாங்கி அன்றே அசலில் கட்டினோம். பித்தளையில் ஒரு அண்டாவைத் தொட அத்தை விடவில்லை.

"எங்க ஆத்தா குடுத்த சீரும்மா அது. நான் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்."

"சரிங்கத்தை, அது உங்களோடது" என்று வைத்துவிட்டேன். இன்று அதில்தான் மொட்டைமாடித் தோட்டத்துக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அவர்கள் பொருளைக் கழிக்கும் உரிமை நமக்கு இல்லை. அவர்களைக் கேட்டு, அவர்கள் கையாலேயே பிரிக்க விட்டால் நாம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கொடுத்துவிடுவார்கள்.

காகிதங்களைக் கழிக்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். அத்தையின் கணவரான மறைந்த மாமாவின் இரும்புப் பெட்டியில் யாருக்கும் தெரியாத வங்கிப் பாஸ்புத்தகம் ஒன்று இருந்தது. பத்தாண்டுக்கு மேல் யாரும் தொடாத வைப்புகளை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றிவிடும். ஆனாலும் வாரிசுகள் எப்போது வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம். பல வங்கிகளில் ஒரே இடத்திலிருந்து தேட, 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. பெயரையும் பான் எண் அல்லது பிறந்த தேதி போன்ற ஒரு விவரத்தையும் கொடுத்துத் தேடலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு அந்தக் கிளைக்குப் போய்ப் பணத்தை வாங்கினோம். அது அத்தையின் பணம், அவர் பெயரிலேயே வைப்பாகப் போட்டுவிட்டோம். கடனுக்குத் தொடவில்லை.

சாப்பாட்டை மாற்ற எங்களைத் தள்ளியது ஒரு ரத்தப் பரிசோதனை. கணவருக்கு ஹெச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறோம் என்று பொருள். இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. அந்த வரிசையில் அவரும் போய் நிற்பதை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. கடனை அடைக்கிற வயதில் மாத்திரைச் செலவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற கணக்கும் உள்ளே ஓடியது.

மதுரையில் இரவுச் சாப்பாடு வெளியே கிடைப்பது ரொம்பச் சுலபம். எந்நேரமும் கல் சூடாக இருக்கும் ஊர் இது. பரோட்டா, சால்னா, கறிதோசை, பிள்ளைகளுக்கு ஜிகர்தண்டா என்று ஐந்து பேருக்கு வாங்கினால் ஆயிரம் ரூபாய் சாதாரணமாகப் போகும். வாரம் இரண்டு முறை என்றிருந்ததை மாதம் ஒருமுறை என்று ஆக்கினோம். அடியோடு நிறுத்தவில்லை. நிறுத்தினால் பிள்ளைகள் வேறு வழியில் வாங்கித் தின்பார்கள். அந்த ஒருமுறை நல்ல கடையில், உட்கார்ந்து, ஆசையாகச் சாப்பிட்டோம்.

வாங்காத வாரங்களின் பணத்தை என்ன செய்தோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வழக்கமான ராத்திரி வந்து, வீட்டிலேயே சாப்பிட்டுக் கை கழுவியதும், அந்த ஆயிரத்தைக் கணவர் அலைபேசியிலேயே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுவார். அந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். அட்டையே வாங்கவில்லை. பத்தாயிரம் சேர்ந்ததும் அசலுக்குப் போகும். மறுநாள் மாற்றலாம் என்று விட்ட பணம் எந்த வீட்டிலும் மாத முடிவில் இருக்காது. மிச்சம் பிடித்த அன்றே அது வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும்.

வீட்டுச் சமையலில் செய்த மாற்றங்கள் பெரியவை அல்ல. மருத்துவர் சோற்றை விடச் சொல்லவில்லை. தட்டில் பாதி காய், கீரை, கால்பங்கு சோறு, மீதி பருப்போ பயறோ முட்டையோ மீனோ என்று பிரிக்கச் சொன்னார். காய்க்கு அண்ணாநகர் உழவர் சந்தை. 1999-ல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை தொடங்கிய இடமே அதுதான். விடிகாலையில் போனால் கீரை ஈரம் காயாமல் கிடைக்கும், விலையும் எடையும் நியாயமாக இருக்கும். சாயங்காலப் பசிக்கு பப்ஸும் முறுக்கும் போய், அவித்த கடலை, தட்டைப்பயறுச் சுண்டல், கொய்யா வந்தன. எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று அளந்து வைத்தேன். ஐந்து பேருக்கு இரண்டரை லிட்டர், தீர்ந்தால் அடுத்த மாதம்தான்.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை. சாமையும் குதிரைவாலியும் நல்லவை, நார்ச்சத்து உள்ளவை. ஆனால் அவையும் மாவுச்சத்துதான், தட்டு நிறையச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். பொன்னி அரிசியைவிட விலையும் அதிகம். கேழ்வரகையும் கம்பையும் நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, விலையும் கட்டுப்படியாகும். பிள்ளைகளுக்குக் கேழ்வரகு அடை, வெயில் காலத்தில் அத்தைக்குக் கம்பங்கூழ்.

மாதத்தின் கடைசி வாரத்தில் பால், காய் தவிர எதுவும் வாங்குவதில்லை. அலமாரியில் இருப்பதைத் தீர்க்கிற வாரம் அது. அரைப் பாக்கெட் ரவை, கைப்பிடி மொச்சை, அடியில் கிடந்த கொள்ளு எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். கண்ணாடிப் பாட்டில்களுக்கு மாற்றியதால் என்ன இருக்கிறது என்று கதவைத் திறந்ததுமே தெரிகிறது. இருப்பது தெரியாமல் மறுபடி மறுபடி வாங்கிய மளிகை எவ்வளவு என்பதை அடுத்த மாத ரசீது காட்டியது. அந்த வித்தியாசமும் அன்றே தனிக் கணக்குக்குப் போனது. கணவரின் ஹெச்பிஏ1சி 5.6-க்கு இறங்கியதில் சாப்பாட்டோடு தெப்பக்குளத்தைச் சுற்றிய நடைக்கும் பங்கு உண்டு.

கடைசித் தவணையைக் கட்டியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. கொடுத்தபோது போட்ட பட்டியலோடு ஒவ்வொரு தாளையும் சரிபார்த்து வாங்குங்கள். நிலுவை இல்லை என்ற கடிதம் வாங்குங்கள். தவணைக்காகக் கொடுத்த தானியங்கி உத்தரவை ரத்து செய்யுங்கள். கடனோடு சேர்த்து ஒரே பிரீமியத்தில் காப்பீடு போட்டிருந்தால் மீதிக் காலத்துக்குப் பணம் திரும்புமா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் வங்கி எம்.ஓ.டி. (பத்திரங்களை அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவு செய்திருக்கும். அதை நீக்க ரசீதுப் பத்திரம் ஒன்றைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். இதை விட்டுவிட்டால் வில்லங்கச் சான்றில் கடன் இன்னும் இருப்பதாகவே காட்டும், பின்னால் பிள்ளைகள்தான் அலைவார்கள். பதிந்த பிறகு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். சிபில் அறிக்கையிலும் கடன் முடிந்ததாக ஏறியிருக்கிறதா என்று சில வாரம் கழித்துப் பார்த்துவிடுங்கள்.

எங்கள் வீட்டுக் காகிதங்கள் இப்போது ஒரே கோப்பில் இருக்கின்றன: கிரயப் பத்திரம், மூலப் பத்திரங்கள், பட்டா, கட்டட அனுமதி வரைபடம், சொத்துவரி ரசீதுகள், வங்கிக் கடிதம், ரசீதுப் பத்திரம், புது வில்லங்கச் சான்று. வரிக்குக் காட்டிய வட்டிச் சான்றுகளைச் சில வருஷம் வைத்திருப்பது நல்லது. மற்றதை எடைக்குப் போடலாம், கணக்கு எண் இருக்கும் தாள்களை மட்டும் முதலில் கிழித்துவிடுங்கள்.