எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி

கேள்வி: அப்பத்தாவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆனது. புண்ணில் சீழ் வைத்துவிட்டது. மருந்து கேட்கவில்லை என்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கிருமிக்கு ஏன் இத்தனை பலம்?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: அப்பத்தா சீக்கிரம் தேறட்டும். ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாடிக் ஓயாமல் புழங்குகிறது. பெரும்பாலான கிருமிகள் சாகின்றன. தற்செயலான மரபணு மாற்றத்தால் தப்பியவை பெருகுகின்றன. அதைவிட ஆபத்து, பிளாஸ்மிட் எனும் சிறு டி.என்.ஏ. வளையம். எதிர்ப்பு மரபணுவை இதில் ஏற்றி, ஒரு கிருமி வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றிவிடும்.

என்.டி.எம்.-1 மரபணு ('என்.டி.' என்பது நியூ டெல்லி) இப்படித்தான் பரவியது. கடைசி ஆயுதமாக நாம் வைத்திருக்கும் கார்பபெனெம் மருந்துகளையே சிதைக்கும் நொதியை அது உண்டாக்குகிறது. 2010-இல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு, சென்னையில் 44 கிருமி மாதிரிகளில் அதைக் கண்டது. பெயரில் டெல்லி இருப்பதற்காகச் சண்டை போட்டோம்; கிருமியோடு போட்டிருக்க வேண்டும். 2012-இல் மருத்துவர்கள் கூடி உருவாக்கிய 'சென்னைப் பிரகடனம்' அந்தத் திசையில் நல்ல தொடக்கம்.

சீழைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். எந்த மருந்து கேட்கும் என்பதை அது காட்டும். பார்க்க வரும் சொந்தபந்தம் அத்தனை பேரும் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகே அப்பத்தாவைத் தொடட்டும்.