பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையும் நமது மனமும்

ஐந்து வயது நிறைந்த பிள்ளை முதலாந் தரத்துக்கு ஆயத்தமாகும்போது, பிள்ளையைவிடப் பெற்றோரே அதிகம் கலங்குவதை முகாம்களிலே நாம் கண்டிருக்கின்றோம். இது பலவீனமன்று. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்தபோது, பிள்ளையின் கையை விடாதிருப்பதே பாதுகாப்பாயிருந்தது. அன்று கைபிடித்து வந்த பிள்ளைகளே இன்று தாய் தந்தையர். அந்தப் பயமும் கூடவே வந்திருக்கின்றது.

பன்னிரண்டு வயது இயேசுவைக் காணாது மரியாளும் சூசையப்பரும் தேடித் தவித்தனர். மூன்று நாளின் பின் கண்டதோ ஆலயத்தில், போதகர் நடுவில். பிள்ளை கண்ணுக்கு மறைவதெல்லாம் இழப்பாகாது.

நாம் செய்யக்கூடியவை:

1. முதல்நாளுக்கு முன்னரே பிள்ளையோடு பாடசாலைவரை நடந்து, வகுப்பையும் தண்ணீர்க் குழாயையும் மலசலகூடத்தையும் காட்டுவோம்.

2. "வாத்தியார் அடிப்பார்" என்று வெருட்டாதிருப்போம்.

3. பிள்ளை பாராத நேரம் நழுவி வராது, சொல்லிவிட்டு வருவோம். சொன்ன நேரத்துக்கு வாசலில் நிற்போம்.

நடுகை செய்த மிளகாய்க் கன்று இரண்டொரு நாள் வாடி நிற்கும். அதற்காக அதைப் பிடுங்குவதில்லை; தண்ணீர் ஊற்றுகின்றோம். பிள்ளைக்கும் அப்படியே. பின்னேரம் மடியிலிருத்தி, அன்று நடந்ததைக் கேட்போம்.

சிந்திக்க: பிள்ளை அழுவது தன் பயத்தாலா, நம் முகத்திற் கண்ட பயத்தாலா?